1/6 பொருத்தம்தான், நான் கிட்னி கொடுக்க முடியாதா?

கேள்வி: மனைவிக்கு வயது 43, வாரம் மூன்று டயாலிசிஸ். கிட்னி கொடுக்க நான் தயார், ரத்த குரூப்பும் ஒன்றுதான். ஆனால் ஹெச்.எல்.ஏ. ரிப்போர்ட்டில் எனக்கு 1/6, அவள் தம்பிக்கு 3/6. எனக்கு வாய்ப்பே இல்லையா? போன மாதம் அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள், அதனால் கிராஸ்மேட்ச்சைத் திரும்ப எடுக்க வேண்டுமாம். வீண் செலவுதானே?

வீண் செலவு இல்லை, எடுத்துவிடுங்கள். அந்த 1/6-ஐப் பார்த்து பயப்படவும் வேண்டாம். ஹெச்.எல்.ஏ. என்பது செல்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள். அவற்றின் மரபணுக்களில் நாங்கள் பார்ப்பது ஏ, பி, டிஆர் என்று மூன்று இடம், ஒவ்வொன்றிலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, ஆக ஆறு. இவை ஒரு செட்டாகவே பிள்ளைக்கு வரும் என்பதால் உடன்பிறந்தவர்கள் இருவருக்கு ஆறும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, பாதி பொருந்த நாலில் இரண்டு, எதுவுமே பொருந்தாமல் போகவும் நாலில் ஒன்று. தம்பிக்குப் பாதி வந்திருக்கிறது, உங்களுடையது தற்செயல். ஆனால் 1995-லேயே டெராசாகி என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்கக் கணக்குகளைப் பார்த்தபோது, கணவனோ மனைவியோ கொடுத்த கிட்னிகளில் 85 சதவீதம் மூன்று வருடம் கழித்தும் வேலை செய்தன. பெற்றோர் கொடுத்ததில் 82.

உண்மையில் ஆபரேஷனையே நிறுத்துவது கிராஸ்மேட்ச்தான். உங்கள் ரத்தத்திலிருந்து லிம்போசைட்டுகளை (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) பிரித்தெடுத்து, மனைவியின் சீரத்தையும் (ரத்தத்தின் தெளிந்த நீர்) கொஞ்சம் முயல் சீரத்தையும் சேர்த்து வைப்போம். மனைவியின் ஆன்டிபாடி ஒட்டிய செல்லைக் கொல்ல முயல் சீரம் உதவும். அப்புறம் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உயிரோடு இருக்கிற செல் பச்சை, செத்தது ஆரஞ்சு. தட்டு முழுக்க ஆரஞ்சாக இருந்தால் உங்களுக்கு எதிரான ஆன்டிபாடி அவர் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அதைக் கவனிக்காமல் வைத்தால் தையல் போடும்போதே கிட்னி கறுத்துப் போகலாம்.

நீங்கள் எழுதாத ஒன்று: எத்தனை குழந்தைகள்? குழந்தையிடம் இருப்பதில் பாதி உங்களுடையது, ஆகவே பிரசவம் ஆன பெண்ணுக்குக் கணவனின் ஹெச்.எல்.ஏ.-வுக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம், அது 1/6-ஐ விடப் பெரிய விஷயம் (பெற்ற பிள்ளையே கொடுக்க முன்வந்தாலும் இதே சிக்கல் வரலாம்). ஏற்றிய ரத்தம் அதைத் தூண்டிவிட்டிருக்கலாம், புதிதாகவும் கிளப்பலாம், அதுவும் உடனே தெரியாது, ரெண்டு மூன்று வாரம் ஆகும். பழைய ரிப்போர்ட் நெகட்டிவ் என்றாலும் இப்போது செல்லாது என்பது இதனால்தான். ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவையும் எடுப்பார்கள்.

உங்களுக்கும் தம்பிக்கும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள், கூடவே டிஎஸ்ஏ டெஸ்ட்டும் (கிட்னி கொடுப்பவருக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுவது) உண்டா என்று கேளுங்கள். ஹெச்.எல்.ஏ. டைப்பிங் (1/6, 3/6 என்று சொன்ன அந்த டெஸ்ட்) மட்டும் ஆயுசுக்கும் மாறாது, அதைத் திரும்ப எடுக்கச் சொன்னால் ஏன் என்று தாராளமாகக் கேட்கலாம். அப்புறம், கிராஸ்மேட்ச்சுக்குக் கொடுக்கிற உங்கள் ரத்தத்தை நீங்களே வேறு லேபுக்கு எடுத்துப் போக நேர்ந்தால் ஐஸ் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். செல் உயிரோடு லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், சாதாரண அறை வெப்பத்தில் அன்றைக்கே கொண்டுபோனால் போதும்.