வீட்டில் தனியாகக் கராத்தே பயிற்சி செய்ய எந்தக் கருவி வாங்கலாம்? பஞ்சிங் பேக்கா, மரப்பொம்மையா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: நான்கு வருடம் ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவின் வகுப்புக்குப் போனீர்கள், இப்போது போக முடியவில்லை. வீட்டில் பத்துக்குப் பத்து அறை ஒன்று காலியாக இருக்கிறது. ஒரே ஒரு பெரிய செலவு செய்யலாம் என்றால் எதில் செய்வது?

என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதத்துக்கு இரண்டும் வேண்டாம். எரிச்சலாக இருக்கும், தெரியும். வகுப்பு நின்றதும் நானும் நேராகப் போய்ப் பேக்தான் வாங்கினேன்.

தனியாகச் செய்கிறவருக்கு அடி வாங்க ஆள் இல்லாததைவிட, "முழங்கை வெளியே போகுது பார்" என்று சொல்ல ஆள் இல்லாததுதான் பெரிய இழப்பு. வகுப்பில் மாஸ்டர் பின்னால் நடந்து வரும்போதே நம் முழங்கை தானாக உள்ளே வந்துவிடும். வீட்டில் அதே தப்பை ஆயிரம் தடவை நிம்மதியாகச் செய்யலாம், கேட்க நாதியில்லை. அதனால் எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் ஒன்றைத்தான் யோசிப்பேன்: நான் தப்பாகச் செய்தால் இது என்னைக் காட்டிக்கொடுக்குமா?

பேக் பாதிதான் காட்டிக்கொடுக்கும். மணிக்கட்டு வளைந்திருந்தால் உடனே வலிக்கும். தூரம் தப்பாக இருந்தால் குத்து இறங்காமல் தள்ளும். அதோடு சரி. நான் வாங்கியது ஒருவர் பயன்படுத்திய பழைய பேக், ஏறக்குறைய 40 கிலோ. உள்ளே இருந்த சரக்கு வருடக்கணக்கில் கீழே இறங்கி, மேல்பாதி தலையணை, கீழ்ப்பாதி கருங்கல். முதல் வாரமே அந்தக் கருங்கல்லில் முழங்காலுக்குக் கீழே எலும்பைக் கொண்டுபோய் மோதினேன். மூன்றாம் மாதம் களைத்துப்போன நேரத்தில் வீசிக் குத்தியதில், ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் இறங்க வேண்டிய அடி மோதிர விரல், சுண்டுவிரல் பக்கம் இறங்கிவிட்டது. கை வீங்கி, எக்ஸ்ரே எடுத்து, உடையவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. சுண்டுவிரல் முட்டிக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்பு இப்படி உடைவதற்கு 'பாக்ஸர்ஸ் ஃப்ராக்சர்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஐந்து வாரம் கை சும்மா இருந்தது.

ஆனால் கை வீங்கியதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதம் கழித்துப் பழைய வகுப்பு நண்பர் ஒருவருடன் லேசாக ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்தேன். ஒவ்வொரு தடவை வலது கையால் குத்தியதும் என் இடது கை இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. ஒரே கன்னத்தில் மூன்று தடவை வாங்கினேன். எட்டு மாதமும் பேக் அதை எனக்குச் சொல்லவே இல்லை. அது திருப்பி அடிக்காதே, எப்படிச் சொல்லும்?

சரி, அப்படியென்றால் எதில் ஆரம்பிப்பது? தரையில் ஒட்டும் டேப்பில். ஹெய்யான் ஷோதான் என்ற கட்டாவில், அதாவது தனியாக வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடரில், 21 அசைவுகள், தொடங்கிய இடத்திலேயே முடியும். தொடங்கும் இடத்தில் டேப்பால் ஒரு கூட்டல் குறி போட்டுவிட்டுச் செய்யுங்கள். முடிக்கும்போது குறியிலிருந்து இரண்டு சாண் தள்ளி நின்றால் எங்கோ கால் அகட்டி நிற்கும் நிலை ஒன்று குட்டையாகியிருக்கிறது, அல்லது ஒரு திருப்பத்தில் கால் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எந்தத் திருப்பம் என்று தேடுவதிலேயே ஒரு வாரம் போய்விடும், நல்ல வாரமாகப் போகும். எனக்கு அது இடப்பக்கம் முக்கால் வட்டம் திரும்பும் இடத்தில் இருந்தது. பின்கால் ஒவ்வொரு தடவையும் அரை அடி சோம்பல் பட்டிருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், நீளமான நிலைகளோடு செய்தால் அந்தக் கட்டா பத்தடிக்குள் அடங்காது. இந்தச் சோதனையை வெளியே திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போன், அதை நிறுத்த ஒரு ஸ்டாண்டு. கண்ணாடி நல்லதுதான், ஆனால் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பிய நொடியே கட்டா கெட்டுவிடும். போனை இடுப்பு உயரத்தில் வைத்து, ஒருநாள் நேரே, மறுநாள் பக்கவாட்டில் எடுங்கள். அரை நிமிடம் எடுத்ததும் உடனே பார்க்க வேண்டும், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டும். இன்று குதிகால் என்றால் குதிகால் மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க உட்கார்ந்தால் மனசு விட்டுப்போகும்.

தரைக்கு மேட் வாங்குவதாக இருந்தால் தடிமனைக் கவனியுங்கள். ஜூடோ மேட் 4 செ.மீ. வரும், விழுந்து எழுகிறவர்களுக்கு அது வேண்டும். உதைக்கிறவர்களுக்கு அவ்வளவு தடிமனும் மென்மையும் ஆபத்து. நிற்கும் கால் திரும்ப வேண்டிய நேரத்தில் மேட் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். கோத்து விரிக்கிற 2 செ.மீ. மேட், கொஞ்சம் கெட்டியானது, போதும். வெறும் தரை வழுக்காமல் இருந்தால் அதுவும் போதும்.

ஸ்கிப்பிங் கயிறு வாங்கினால் நடுவில் ஒரு காலால் மிதித்து நின்று கைப்பிடிகளை மேலே இழுங்கள், அக்குள் வரை வந்தால் அளவு சரி.

ஆறு மாதம் கழித்தும் பேக் ஆசை போகவில்லை என்றால் வாங்குங்கள், தப்பில்லை. உங்கள் எடையில் பாதி இருந்தால் அளவாக இருக்கும். மணல் நிரப்பியது வேண்டாம், என் கருங்கல் கதை பார்த்தீர்கள். துணி வெட்டு அடைத்ததை வாங்கி, சில மாதத்துக்கு ஒரு தடவை தலைகீழாக்கிக் குலுக்கிவிடுங்கள். கான்கிரீட்டிலோ உத்திரத்திலோ மாட்டலாம், ஃபால்ஸ் சீலிங்கில் கூடவே கூடாது. ஆடும்போது பேக்கின் எடையைவிட அதிகமான இழுப்பு அந்தக் கொக்கியில் விழும். மேல்மாடியில் ஆள் இருந்தால் நடுவில் ஒரு ஸ்பிரிங் போடுங்கள், இல்லையென்றால் அவர்கள் கட்டிலும் சேர்ந்து ஆடும். தரையில் நிற்கும் வகையை எடுத்தால் அடிப்பாகத்தில் தண்ணீருக்குப் பதில் மணல் போடுங்கள், கனம் கூடும். அப்படியும் நல்ல உதைக்கு நகரத்தான் செய்யும். கைக்கு நாலரை மீட்டர் ஹேண்ட் ராப் சுற்றி, அதற்கு மேல் 12 அல்லது 14 அவுன்ஸ் க்ளவுஸ். கராத்தேக்காரன் வெறுங்கையால்தான் அடிப்பான் என்றால் அடியுங்கள், ஆனால் பாதி வேகத்தில்.

கராத்தேக்கு என்றே பிறந்த கருவி மாகிவாரா. 'சுற்றிய வைக்கோல்' என்று பொருள், ஒகினாவாவில் பலகையில் வைக்கோல் கயிறு சுற்றி அடித்தார்கள். பலகை அடியில் தடிமனாகவும் மேலே போகப் போக மெலிந்தும் இருக்கும், குத்தினால் வளைந்து கொடுக்கும். அந்த வளைவில்தான் விஷயம் இருக்கிறது. இடுப்பு சேராமல் கை மட்டும் போனால் பலகை லேசாக வளைந்து உங்களையே பின்னால் தள்ளிவிடும். காட்டிக்கொடுப்பதில் பேக்கைவிட நேர்மையானது. சுவரில் திருகி மாட்டும் சின்னத் திண்டுகளையும் இதே பெயரில் விற்கிறார்கள். அவற்றில் வளைவு கிடையாது, மூட்டுக்குக் கேடு.

மரப்பொம்மை விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலைக்கு உரியது. மூன்று கை, ஒரு கால். அதற்கென்றே கட்டா போல ஒரு ஃபார்ம் இருக்கிறது, விங் சுன் ஆசான் இப் மேனின் வழியில் 116 அசைவுகளாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அதைத் தெரிந்தவருக்கு அது தங்கம். உங்களுக்கும் எனக்கும் சட்டை மாட்ட வசதியான மூன்று கைகள்.

வேறு கலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஜூடோவுக்குச் சைக்கிள் ட்யூபைத் தூணில் கட்டி இழுப்பதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. கெண்டோ என்ற ஜப்பானிய வாள்வீச்சோ கம்புச் சண்டையோ என்றால் கருவிக்கு முன்னால் கூரையின் உயரத்தை அளந்துவிடுங்கள்.

கடைசியாக, என் இடது கையைச் சரிசெய்தது எது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய டென்னிஸ் பந்து. துளைபோட்டுக் கயிறு கோத்து, மூக்கு உயரத்துக்குத் தொங்கவிட்டேன். குத்தினால் போய்விட்டு நேராக முகத்துக்கே திரும்பி வரும். கை இறங்கியிருந்தால் மூக்கில் ஒன்று வைக்கும், மாஸ்டரைப் போலவே முன்னறிவிப்பு இல்லாமல். மூன்று நிமிடம் அடி, ஒரு நிமிடம் ஓய்வு என்று நான்கு சுற்று. இரண்டு மாதத்தில் கை தானாகக் கன்னத்துக்கு வரப் பழகியது. நீங்கள் மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் முதலில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். நான் ஒன்றை உடைத்திருக்கிறேன்.