கால் பருமன்: செல்லுலைட்டா, லிப்பிடீமாவா?

வணக்கம் சகோதரி. ஆறு மாதமாக வண்டியூர்க் கண்மாய்க் கரையில் நடந்து இடுப்பு இளைத்தும் கால்கள் இளைக்கவில்லை, அழுத்தினால் வலிக்கிறது, அழகு நிலையத்தில் அதைச் செல்லுலைட் என்றார்கள் என எழுதியிருந்தீர்கள். செல்லுலைட்டில் தோல் குழிகுழியாகத் தெரியும். பொதுவாக வலிக்காது, அது நோயும் அன்று.

லிப்பிடீமாவோ 1940இல் மருத்துவ உலகில் விவரிக்கப்பட்ட கொழுப்புத் திசு நோய். இரு கால்களும் ஒன்றுபோலப் பருக்கும், இலேசாக இடித்தாலும் கன்றிப்போகும், உணவைக் குறைத்தாலும் அக்கொழுப்பு எளிதில் கரையாது. கொலுசு கிடக்கும் இடத்தோடு சதை வளையம்போல் நின்றுவிட, பாதம் மட்டும் மெலிந்தே இருக்கிறதா என்று பாருங்கள். யானைக்கால் நோயில் பெரும்பாலும் பாதமும் சேர்ந்தே வீங்கும். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் தவறிவிட்டதாக எண்ணி உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். களிம்புகளுக்குச் செலவழிக்காமல் இரத்தநாள மருத்துவரிடம் காட்டுங்கள்; அளவெடுத்துத் தரும் அழுத்தக் காலுறை பலருக்கு வலியைக் குறைக்கிறது.