ஜூலையில் பிறந்த பையன்

அன்புள்ள அக்கா,

எங்களுக்கு திருப்பாலைக்குடி. வீட்டுக்காரர் வள்ளத்தில் நண்டுக்குப் போகிறார். மகன் ஒன்றாம் வகுப்பு, போன ஜூலையில்தான் ஐந்து முடிந்தது. உட்கார மாட்டேன் என்கிறான், எழுத்தைப் பாதியில் விடுகிறான் என்று பள்ளியில் ஓயாத புகார். ஏடிஹெச்டியாக, அதாவது கவனக் குறைபாடும் அளவுமீறிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறாக இருக்கும் என்றார்கள். டாக்டரிடம் போனோம். பத்தே நிமிடத்தில் மாத்திரை எழுதிவிட்டார். இதே பையன் கரையில் தாத்தாவோடு உட்கார்ந்து, ஒரு கால்கூட ஒடியாமல் மணிக்கணக்கில் வலையிலிருந்து நண்டு கழற்றுகிறான். இவனுக்கா கவனக் குறைபாடு? மாத்திரை கொடுக்கவா, வேண்டாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

நண்டு கழற்றுவதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். உண்மையிலேயே ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளும் பிடித்த வேலையில் அப்படியே மூழ்கிவிடுவார்கள்.

'போன ஜூலையில்தான்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நம் மாநிலத்தில் ஜூலை 31-க்குள் ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. அப்படியென்றால் வகுப்பிலேயே கடைக்குட்டி உங்கள் மகன்தான். பக்கத்தில் இருக்கும் ஆகஸ்ட் பிள்ளை ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். ஐந்து வயதில் ஒரு வருடம் என்பது கொஞ்சமா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். அங்கே பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31 கணக்கு, அதனால் டிசம்பர் பிள்ளைதான் கடைக்குட்டி. ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்தவர்களுக்கு 30 சதவீதம் அதிகமாக ஏடிஹெச்டி என்று எழுதியிருந்தார்கள். பெண்பிள்ளைகளில் அது 70 சதவீதம் அதிகம். மாத்திரையும் அதேபோல அதிகம். பிறந்த மாதத்தால் நோய் வருமா? வயதுக்கேற்ற சேட்டை பலருக்கு நோயாகிவிட்டது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், அந்த வயதுக்கு மீறியதாக இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் எப்படி என்று டாக்டர் உங்களைக் கேட்டாரா? பத்து நிமிடத்தில் இதெல்லாம் எப்படித் தெரியும்?

அப்புறம் தூக்கம். விடியுமுன் அப்பா கடலுக்குக் கிளம்பும் வீட்டில் லைட் எரியும், டீ கொதிக்கும், பையனும் முழித்துக்கொள்வான். இந்த வயதுக்குப் பத்து மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூக்கம் கெட்டால் நாம் சோர்ந்துபோவோம், சின்னப் பிள்ளைகள் பல சமயம் துள்ளுவார்கள். காது, கண், இரத்தசோகை இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

ஆறு வயதுக்குக் கீழே முதலில் பெற்றோருக்குப் பயிற்சி, அது போதாவிட்டால்தான் மாத்திரை என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல். பெரிய வித்தை இல்லை. பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது. முடித்ததும் உடனே பாராட்டுவது. தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, படுக்கை. மிஸ்ஸும் முன்வரிசையில் உட்காரவைத்து, நடுநடுவே நோட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம்.

இத்தனைக்கும் பிறகு ஏடிஹெச்டிதான் என்று தெரிந்தால் மாத்திரைக்குப் பயப்படாதீர்கள். சரியாகக் கண்டறிந்த பல பிள்ளைகளுக்கு அது நன்றாகவே உதவுகிறது. பசி, எடை, தூக்கத்தை மட்டும் டாக்டர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போதைக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டிஇஐசி (பிள்ளைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து கவனிக்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேட்டுப் போங்கள். அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஏடிஹெச்டியும் சேர்ந்ததுதான், செலவில்லை. இரண்டு வாரம் அவன் தூங்கி எழுந்த நேரத்தைக் குறித்த தாள், வகுப்பில் எப்போது எழுந்து ஓடுகிறான் என்று மிஸ் எழுதித் தந்தது, இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஜூலையில் பிறந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.