கணினி மருத்துவம்: புது ரேம் போட்டதும் நீலத்திரை

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினி 2020ல் வாங்கியது. ரைசன் 5 3600, இரண்டு 8 ஜிபி ரேம், 3200 வேகம். மகள் பாலிடெக்னிக்கில் காணொளித் தொகுப்பு படிக்கிறாள். அவளுக்காகப் பழையதாக இரண்டு 16 ஜிபி ரேம், 3600 வேகத்தில், ஒருவரிடம் வாங்கி மீதி இரண்டு இடத்திலும் செருகினேன். பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி (ரேமை வேகமாக ஓட்டும் அமைப்பு) 3600 என்று காட்டுகிறது. அன்றிலிருந்து நாளுக்கு மூன்று நான்கு முறை நீலத்திரை, ஒவ்வொரு தடவையும் வேறு பிழை. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். போடலாமா? - வாசகர், யீஷூன்

பதில்: வேண்டாம். முதலில் மகளின் கோப்புகளைக் காப்பாற்றுங்கள், அதுவும் புது ரேமைக் கழற்றிய பிறகு. வட்டுக்குப் போகிற எதுவும் ரேம் வழியாகத்தான் போகிறது. ரேம் ஒரு எழுத்தை மாற்றிப் படித்தால், மாறின எழுத்தோடுதான் கோப்பு பதிவாகும், எந்த எச்சரிக்கையும் வராது. விண்டோஸும் அப்படித்தான். இந்த நிலையில் நீங்கள் விண்டோஸ் போட்டால் அதுவே கோணலாகப் பதிவாகலாம். பிறகு ரேமைக் கழற்றினாலும் நீலத்திரை நிற்காது. "அப்போ ரேம் நல்லதுதான்" என்று முடிவு கட்டி, அடுத்து மதர்போர்டுக்குச் செலவு வைப்பீர்கள்.

ஒவ்வொரு தடவையும் வேறு பிழை என்று எழுதியிருக்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். இன்று 'மெமரி மேனேஜ்மென்ட்', நாளை 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்', மறுநாள் வேறொன்று என்றால் நான் ரேமைத்தான் முதலில் பிடிப்பேன்.

சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கணினியின் பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். புது ரேம் இரண்டையும் எடுத்துவிட்டு, பழைய இரண்டையும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் போடுங்கள். (நான்கு இடம் உள்ள பெரும்பாலான போர்டுகளில் இதுதான் சரியான ஜோடி. கையேட்டில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். அப்புறம் புது ஜோடி மட்டும். அப்புறம் நான்கும், ஆனால் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

இந்த வரிசையை மீறி நானே பட்டிருக்கிறேன். ஒரு தீபாவளி வாரம், தெம்பனிஸில் அத்தை வீட்டுக் கணினிக்கு ரேம் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிடம் ஓடும், உறைந்து நிற்கும். ரேமை மூன்று முறை மாற்றினேன். அத்தை முறுக்குத் தட்டை இரண்டு முறை நிரப்பினார், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் பார்த்தால், ரேமை அழுத்தும்போது என் முழங்கை இடித்து ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிள் பாதி கழன்றிருந்தது. அதனால் பெட்டியைத் திறந்த கையோடு, கை பட்டிருக்கக்கூடிய எல்லாக் கேபிளையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

சோதிக்க மெம்டெஸ்ட்86 போதும், இலவசப் பதிப்பே நான்கு சுற்று ஓடும். பென் டிரைவில் ஏற்றி, இரவு படுக்கப் போகும்போது ஓடவிடுங்கள். 48 ஜிபிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் தோல்விதான். "ஒன்றுதானே" என்று விடக் கூடாது.

என் ஊகம் இது: இரண்டு ஜோடியும் தனித்தனியே நன்றாக ஓடும், நான்கும் சேர்ந்தால்தான் விழும். அப்படியானால் எந்த ரேமும் கெட்டதில்லை. உங்கள் பழைய ரேமின் வேகமே 3200தான். போர்டு அதையும் 3600க்கு விரட்டுகிறது. போதாததற்கு, உங்கள் பிராசஸருக்கு ஏஎம்டி சொன்ன கணக்கு இரண்டு ரேமுக்கு 3200. நான்கு இடமும் நிரம்பினால் ரேமின் வகையைப் பொறுத்து 2933 அல்லது 2667தான். எக்ஸ்எம்பி என்பது ஓவர்கிளாக், அதாவது சொன்ன கணக்கைத் தாண்டி ஓட்டுவது, அதற்கு உத்தரவாதம் இல்லை. நான்கும் வேண்டுமென்றால் 2667ல் வைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், பழைய ஜோடியை விற்றுவிட்டு இரண்டு 16 ஜிபியோடு நிறுத்திக்கொள்வேன். மாணவர் வேலைக்கு 32 ஜிபி தாராளம்.

கேள்வி: பழைய ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் அட்டை வாங்கிப் போட்டேன். விளையாட்டு தொடங்கிச் சில நிமிடங்களில் திரை கறுத்து, கணினி தானாக மறுபடி தொடங்குகிறது. ஈவன்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடு) 'கெர்னல் பவர் 41' என்று இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு மின்கம்பியில் கோளாறா? பவர் சப்ளை 550 வாட். - வாசகர், செங்காங்

பதில்: சுவரைக் குற்றம் சொல்லாதீர்கள். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3000 வாட் தாங்கும். 41 என்ற எண்ணுக்கு, கணினி முறைப்படி அணையவில்லை என்று மட்டும்தான் பொருள். காரணத்தை அது சொல்லாது. 3080 தனியாக 320 வாட் இழுக்கும் அட்டை. என்விடியா 750 வாட் பவர் சப்ளை கேட்கிறது. நொடியின் சிறு பங்கில் அது அதைவிட எகிறும்போது உங்கள் 550 தற்காப்புக்காக அணைந்துவிடுகிறது. அட்டையின் இரண்டு சாக்கெட்டுக்கும் ஒரே கேபிளின் இரண்டு வால்களைச் செருகியிருந்தால் அதையும் மாற்றித் தனித்தனிக் கேபிள் போடுங்கள். புது பவர் சப்ளை வாங்கினால் பழையதன் கேபிளை அதில் செருகவே செருகாதீர்கள். மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்களின் முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கும். வட்டு புகைந்தால் என்னைத் திட்டக் கூடாது.

கேள்வி: பயாஸ் புதுப்பித்தேன். இப்போது 48 இலக்க எண் கேட்கிறது. வைரஸா? - வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: இல்லை, பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் வட்டுக்குப் போடும் பூட்டு. பயாஸில் மாற்றம் தெரிந்ததும் சாவி கேட்கிறது. கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, மீட்புச் சாவிகள் பக்கத்தைப் பாருங்கள். திரையில் தெரியும் அடையாள எண்ணோடு ஒத்துப்போகும் சாவியைத் தட்டுங்கள். கணக்கைத் திறந்தது கணவரா மகனா என்று தெரியாவிட்டால், இருவரின் கணக்கிலும் தேடுங்கள்.