பழைய காரின் ஆக்ஸிலரேட்டர் பெடல் தேய்ந்து ஆடுகிறது. பழுது பார்க்கலாமா, புதிது மாட்டிவிடலாமா?

கேள்வியில் மூன்று குறைகள் சொல்லியிருக்கிறீர்கள். பெடல் பக்கவாட்டில் ஆடுகிறது. மிதித்தால் முதலில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றுமே நடப்பதில்லை. காலை எடுத்த பிறகும் சில நேரம் இன்ஜின் சத்தம் இறங்கத் தாமதிக்கிறது. முதல் இரண்டும் தொல்லை, அவ்வளவுதான். மூன்றாவது அப்படியல்ல. அது சரியாகும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: பெடலை வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பிடித்திருப்பவற்றை மாற்றுங்கள். கீல் பின் (பெடல் சுழலும் ஆணி), புஷ் (அந்த ஆணியைச் சுற்றி இருக்கும் தேய்மான வளையம்), ஸ்பிரிங், கேபிள் எல்லாம் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. பெடலின் இரும்பு அப்படிச் சீக்கிரம் சாகாது. நான் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

என்னுடையது 1966 ஃபோக்ஸ்வாகன் பீட்டில். வாங்கியபோதே பெடல் கள் குடித்ததுபோல் தள்ளாடியது. கீல் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, அசல் போலவே செய்த புதுப் பெடல் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஆட்டம் நின்றது. ஆனால் முதல் இரண்டு விரற்கடை மிதி வீணாவது அப்படியே இருந்தது. ஒருநாள் பெடலிலிருந்து காலை எடுத்தும் இன்ஜின் கத்திக்கொண்டே இருந்தது. பிறகுதான் கேபிளின் முன்முனையைப் பார்த்தேன். கொக்கிக்குப் பக்கத்தில் நாலைந்து இழைகள் அறுந்து முள்போல நின்றன. அவைதான் குழாயின் வாயில் சிக்கி, கேபிளைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கின்றன. பீட்டிலில் இன்ஜின் பின்னால். பெடலிலிருந்து கார்புரேட்டர்வரை (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) கேபிள் தரையின் நடுவே ஓடும் சுரங்கத்துக்குள் இருக்கும் குழாய் வழியாக இரண்டரை மீட்டருக்கு மேல் போகிறது. அவ்வளவு தூரத்தில் எங்கே கோளாறு இருந்தாலும் காலுக்குத் தெரிவது ஒரே இடத்தில்தான்: பெடலில். பழியும் பெடலுக்குத்தான்.

அதனால் பரிசோதனையைப் பெடலில் தொடங்காமல் மறுமுனையில் தொடங்குங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது கார்புரேட்டரில் கேபிளைக் கழற்றிவிட்டு, அங்குள்ள திராட்டிலின் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) நெம்பைக் கையால் முழுக்கத் திறந்து, பிறகு கையை எடுத்துவிடுங்கள். ‘டக்’கென்று மூடிக்கொள்ள வேண்டும். சோம்பலாக மூடினால் சிக்கல் அங்கேயே இருக்கிறது; ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லை தகட்டைத் தாங்கும் தண்டு அழுக்கேறி இறுகியிருக்கும். தண்டை விரலால் மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் அந்த இடைவெளியில் காற்று உள்ளே போகிறது, ஐட்லிங் ஏறி இறங்குவதற்கு அதுவும் காரணமாக இருக்கும். அது தனி வேலை.

அந்த நெம்பு நன்றாக மூடுகிறதென்றால் கேபிளைக் கழற்றிய நிலையிலேயே ஒருவரைப் பெடலை அழுத்தச் சொல்லி, கேபிள் முனையை லேசாகக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கரகரவென்று வந்தால் உள்ளே துருவோ அறுந்த இழையோ இருக்கிறது. வழவழவென்று வந்தும், பெடல் கொஞ்ச தூரம் இறங்கிய பிறகுதான் கேபிள் நகர்ந்தால் இப்போது பெடலைக் குறை சொல்லலாம்.

அந்தத் தாமதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பெடலின் மிதிபரப்பு சுழலும் இடத்திலிருந்து 200 மி.மீ. தள்ளியும், கேபிள் மாட்டும் துளை 50 மி.மீ. தள்ளியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விகிதம் நாலுக்கு ஒன்று. கேபிள் துளை அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் காலுக்கு அது 2 மி.மீ. வெற்று மிதி. இதேபோல் மூன்று இணைப்புகள் தேய்ந்தால் 6 மி.மீ. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் ‘பரவாயில்லை’ என்றுதான் எந்த மெக்கானிக்கும் சொல்வார். சேர்த்துப் பார்த்தால்தான் பரவாயில்லாமல் போனது தெரியும்.

தரையில் கீல் வைத்த பெடலா, மேலிருந்து தொங்கும் பெடலா என்பதைப் பொறுத்துத் தேய்மானம் மாறும். தரைப் பெடலுக்கு எதிரி தண்ணீர். ஈரச் செருப்பிலிருந்து வழிவதும், கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகுவதும் எல்லாம் விரிப்புக்கு அடியில் போய்க் கீல் பின்னில்தான் உட்காரும். தொங்கும் பெடல் துருவிலிருந்து தப்பிவிடும். ஆனால் எப்போதும் ஒரே பக்கம் அழுத்தம் வாங்குவதால் அதன் துளை முட்டை வடிவமாகிவிடும்.

இனி வேலை. பின்னைக் கழற்றுமுன் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். அவசரப்பட்டுச் சுத்தியலால் அடித்தால் தரைத்தகட்டில் இருக்கும் பிடிப்பு வளையும், அதைச் சரிசெய்வது பெடலைவிடப் பெரிய வேலை. கீல் பின் வெளியே வந்ததும் வெர்னியர் அளவுகோலால் இரண்டு இடத்தில் அளவெடுங்கள்: தேயாத ஓரத்தில் ஒன்று, தேய்ந்த நடுவில் ஒன்று. ஓரத்து அளவுதான் அசல் அளவு. புதுப் பின் அந்த அளவுக்கு வாங்குங்கள் அல்லது லேத்தில் கடைந்து வாங்குங்கள்.

முட்டை வடிவமான துளைக்கு இரண்டு வழி. பெடலின் கையில் (மிதிபரப்பைத் தாங்கும் இரும்புத் தண்டில்) துளையைச் சுற்றிப் போதிய சதை இருந்தால் துளையைப் பெரிதாக்கி, ரீமர் (துளையைத் துல்லியமாகக் கடையும் கருவி) போட்டு வட்டமாக்கி, வெண்கலப் புஷ் இறக்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான். அடுத்தமுறை தேயும்போது புஷ்ஷை மட்டும் தட்டி எடுத்துவிட்டு வேறு போடலாம். கேபிள் மாட்டும் சிறிய துளையில் புஷ்ஷுக்கு இடம் இருக்காது. அங்கே துளையை வெல்டிங்கால் அடைத்து, மறுபடி சரியான இடத்தில் துளையிட வேண்டும். ‘சரியான இடம்’ என்பதை அடைக்கும் முன்பே குறித்து வையுங்கள். அடைத்த பிறகு தேடினால் கிடைக்காது. இடம் 3 மி.மீ. மாறினாலும் மேலே சொன்ன விகிதம் மாறும், மிதியின் சுபாவமே மாறிப்போகும். பெடலின் கை வார்ப்பிரும்பு என்றால் சாதாரண வெல்டிங் வேண்டாம், பக்கத்திலேயே விரிசல் விடும். பிரேசிங் (பித்தளையை உருக்கி ஒட்டுவது) தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எண்ணெய் ஊறும் வகை வெண்கலப் புஷ் என்றால் மாட்டுமுன் இன்ஜின் ஆயிலில் ஊறப் போடுங்கள். அதற்குள் கிரீஸ் திணிக்க வேண்டாம், நுண்துளைகள் அடைந்துவிடும். மொண்ணை ரீமரால் உள்வாயைத் தேய்த்தாலும் அதே கதி. நைலான் புஷ்ஷும் பெடலுக்குப் போதும். ஆட்டம் போக வேண்டும் என்ற ஆசையில் இறுக்கமாகப் போட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங்கும் கேபிளும் மாட்டாத நிலையில் பெடலைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். மெல்ல இறங்கினால் புஷ் இறுக்கம், மறுபடி கழற்றுங்கள். நான் முதலில் போட்டது அழகாக, ஆட்டமே இல்லாமல் நின்றது. பாதி வழியில்!

எப்போது பெடலையே மாற்ற வேண்டும்? பெடலின் கையில் வெல்டிங் சேரும் இடத்தில் விரிசல் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். கீலும் பெடலும் ஒரே பிளாஸ்டிக்காக வார்க்கப்பட்டு, அந்தக் கீல் வெளுத்து வெடித்திருந்தாலும் அப்படியே; ஒட்டுப் போட்ட பிளாஸ்டிக்கை நம்பிக் கால் வைக்கக் கூடாது. ரப்பரோடு சேர்த்து வார்த்த தகடு உள்ளேயே துருத்துப் பொருமியிருந்தாலும் மாற்றுங்கள். புதிதை மாட்டுமுன் பழையதையும் அதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம், துளையின் இடம், வளைவு மூன்றையும் ஒப்பிடுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை அளவில் ஒன்றுபோல் இருப்பதில்லை. நான் வாங்கிய புதுப் பெடலின் ரப்பர் அசலைவிடக் கடினம், ஈரச் செருப்பில் வழுக்கும். கடைசியில் பழையதையே சுத்தம் செய்து, புதுப் பின்னோடு மாட்டிவிட்டேன்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகளில் சிலவற்றுக்குக் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் ஆக்ஸிலரேட்டர் இருக்கும். ஃபோர்டின் மாடல் டி-யில் மூன்று பெடல் உண்டு, ஆனால் ஒன்றுகூட ஆக்ஸிலரேட்டர் இல்லை. அது ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கைநெம்பு. உங்களுடையது அந்த ரகமென்றால் நான் சொல்லும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரப்பர் உறை மட்டும் தேய்ந்திருந்தால் அது ஐந்து நிமிட வேலை. புது உறையை வெந்நீரில் போட்டு இளக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மாட்டுங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவினால் ரப்பர் ஊதிவிடும், காலும் வழுக்கும்.

கேபிளில் ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஒட்டுவது, முடிச்சுப் போடுவது எல்லாம் வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள கேபிளுக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்துக்கொண்டு பசையாகும். பழைய இரும்பு மேல் இரும்பு வகைக்கு மட்டும் மெல்லிய எண்ணெய் போதும். புதுக் கேபிளும் கொஞ்ச நாளில் இறுகிப்போனால், இல்லை ஸ்டார்ட் செய்த உடன் தொட்டால் சுட்டால், இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையில் இருக்கும் எர்த் பட்டையைப் பாருங்கள். அது அறுந்தோ துருவேறியோ இருந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். உறை உருகுவது அதனால்தான். கேபிள் கேபிளாக மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இந்த ஒரு பட்டையைப் பார்ப்பதில்லை.

ஸ்பிரிங் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். மூடும் ஸ்பிரிங் கார்புரேட்டர் பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். பெடலில் மட்டும் இருந்தால் கேபிள் அறுந்த அன்று பெடல் மேலே வந்துவிடும், திராட்டில் திறந்தபடியே நிற்கும். கேபிளால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. முடிந்தால் இரண்டு ஸ்பிரிங் போடுங்கள், ஒன்று போனாலும் மற்றது மூடும். ஒட்டுகிற திராட்டிலுக்கு மருந்தாக முரட்டு ஸ்பிரிங் ஒன்றைப் போடுவது வேறு கதை. கால் வலிக்கும், கார்புரேட்டர் தண்டும் ஒரு பக்கமாகத் தேயும், ஒட்டிய காரணமோ அப்படியே இருக்கும்.

கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பிகளால் இணைத்த வண்டி என்றால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பான மவுண்டையும் பாருங்கள். மவுண்ட் கிழிந்தால் வேகமெடுக்கும்போது இன்ஜின் ஒரு பக்கம் தூக்கும், கம்பியும் கூடவே இழுபட்டுத் திராட்டில் இன்னும் திறக்கும். 1971 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். இன்ஜின் எழும்பாமல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிவடம் கட்டிக் கொடுத்தார்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் செய்ய வேண்டிய சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒருவர் பெடலைத் தரைவரை மிதிக்கட்டும், மற்றவர் கார்புரேட்டருக்குள் பார்க்கட்டும். திராட்டில் தகடு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். அதேசமயம் பெடல் தன் தடுப்பில் முட்டி நிற்க வேண்டும். காலின் பாரத்தைத் தடுப்புதான் வாங்க வேண்டும், கேபிள் வாங்கக் கூடாது. பீட்டிலில் முழு மிதியிலும் திராட்டில் நெம்புக்கும் அதன் தடுப்புக்கும் நடுவில் சுமார் 1 மி.மீ. மிச்சம் இருக்கும்படி வைப்பார்கள். என் வண்டியில் பார்த்தபோது தகடு முக்கால்வாசிதான் திறந்தது. காரணம் நானேதான். சத்தம் குறையட்டும் என்று தடிமனான விரிப்பு ஒன்று போட்டிருந்தேன், பெடல் அதில் முட்டி நின்றிருக்கிறது. மேடு ஏறத் திணறுகிறது, இன்ஜினுக்கு வயதாகிவிட்டது என்று அதுவரை எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஓட்டும்போது திராட்டில் எப்போதாவது ஒட்டிக்கொண்டால் பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடி கிளட்சை மிதியுங்கள் அல்லது நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், பிறகு சாவியை ஒரு படி மட்டும் திருப்பி இன்ஜினை அணையுங்கள். சாவியை உருவ வேண்டாம், ஸ்டியரிங் பூட்டு உள்ள வண்டியில் சக்கரம் திரும்பாது. பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கவும் வேண்டாம், மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் இருந்தால் இரண்டு மூன்று மிதியில் அதன் உதவி தீர்ந்துவிடும்.

மாட்டியபின் முதல் 100 கி.மீ. ஓடியதும் கார்புரேட்டரில் கேபிளைப் பிடிக்கும் திருகை ஒருமுறை பாருங்கள். புதுக் கேபிள் கொஞ்சம் நீளும், திருகும் கொஞ்சம் நழுவும். என்னுடையது 4 மி.மீ. நழுவியிருந்தது, மறுபடி இழுத்துப் பிடித்து இறுக்கினேன், அதற்குப் பிறகு நழுவவில்லை.