உண்ணியைப் பூஞ்சாணம் கொல்லுமா?

கறவை மாடு கேள்வி - பதில்
பதில் சொல்பவர்: குலசேகரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

கேள்வி: இரண்டு ஜெர்சி கலப்புப் பசுக்கள் வைத்திருக்கிறேன். உண்ணிக்கு மருந்து அடித்து அடித்துச் சலித்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு தடவை அடித்தால் மாதக்கணக்கில் தொல்லை இருக்காது. இப்போது பத்தே நாளில் மடியிலும் காதிலும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. தென்னையில் காண்டாமிருக வண்டுக்குப் போடும் பச்சைப் பூஞ்சாணம் உண்ணியையும் கொல்லும் என்கிறார்கள். மாட்டின் மேல் தெளிக்கலாமா?
- வாசகி, திருவட்டாறு

பதில்: கொல்லும் அம்மா. ஆனால் மாட்டின் மேல் தெளித்தால் காசுதான் வீண். நானே வீணாக்கியவன்.

ஒரு சித்திரை மாதம் மெட்டாரைசியம் (நீங்கள் சொல்லும் பச்சைப் பூஞ்சாணம்தான்) பவுடர் வாங்கி, பகல் பதினொரு மணி வெயிலில் எங்கள் பசுவின் முதுகு நனைய அடித்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தாடைக்கடியில் உண்ணி கொட்டமுத்து மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. வீட்டில் சிரித்தார்கள். கோபத்தில் பத்து உண்ணியைப் பிடுங்கி, அதே கரைசலில் முக்கி, ஈரப் பஞ்சு வைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்தேன். முக்காத பத்தை இன்னொரு பாட்டிலில். இரண்டு வாரத்தில் முக்காத பாட்டில் நிறைய முட்டை, வறுத்த கசகசாவை ஒட்டிவைத்த மாதிரி. கரைசலில் முக்கிப் போட்ட பாட்டிலில் ஏழு செத்துக் கிடந்தன. முதலில் அவற்றின் மேல் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்தது; பிறகு பழைய தேங்காய் முறியில் பூப்பதுபோல் பச்சை. அப்போதுதான் விஷயம் புரிந்தது. மருந்தில் குறை இல்லை, போட்ட இடம்தான் தப்பு.

இந்தப் பூஞ்சாணத்தை உண்ணி தின்ன வேண்டியதில்லை. பூஞ்சாணத்தின் நுண்ணிய விதை உண்ணியின் தோலில் ஒட்டி, முளைத்து, தோலைக் கரைத்துத் துளைபோட்டு உள்ளே போகும். முளைக்க ஈரம் வேண்டும், நிழல் வேண்டும், 25 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். பசுவின் உடம்பு 38 டிகிரிக்கு மேல். அதன் மேல் வெயிலும் பட்டால் பூஞ்சாணம் முளைக்கும் முன்பே கருகிவிடும்.

கணக்கும் இடிக்கிறது. கடையில் கிடைக்கும் பவுடரில் பெரும்பாலும் கிராமுக்கு 10 கோடி விதை என்று போட்டிருக்கும். லிட்டருக்கு 10 கிராம் கலந்தால் ஒரு மில்லியில் 10 லட்சம்தான் வரும். ஆய்வுக்கூடத்தில் உண்ணி நன்றாகச் சாகிறது என்று சொல்லும் சோதனைகளில் பலவும் மில்லிக்கு 10 கோடி வைத்துச் செய்தவை. நூறு மடங்கு வித்தியாசம்! என் பாட்டிலில் ஏழு செத்தது, முழுசாக முக்கி ஈரத்திலேயே வைத்ததால். மாட்டின் மேல் அந்த வசதி ஏது? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பயிர்ப் பூச்சிகளின் பெயர்தான் இருக்கும்.

சரி, வேறு எங்கே போடுவது? தரையில். மாட்டு உண்ணி மூன்று வாரம்போல மாட்டின் மேல் இருந்து ரத்தம் குடித்துவிட்டு, பெரும்பாலும் காலை வேளையில் உதிரும். அந்த நேரத்தில் உங்கள் மாடு எங்கே நிற்கிறது? தொழுவில். உதிர்ந்தது சுவர் வெடிப்பிலோ தீவனத் தொட்டிக்குக் கீழேயோ ஒளிந்து, இரண்டாயிரம் மூவாயிரம் முட்டை இட்டுவிட்டுச் சாகும். ஆகவே தொழுவின் மண் விளிம்பு, வெடிப்பு, சாணிக்குழி ஓரம், மாடு கட்டும் தென்னை மூடு, இங்கெல்லாம் சாயங்காலம் தெளியுங்கள். பவுடரை மக்கிய சாணிப்பொடியில் கெட்டியாகக் கலந்து தூவினாலும் சரி. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனியிலும் ஐப்பசியிலும் பூஞ்சாணத்துக்கு ராஜவாழ்வு. தெளித்த வாரம் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் தொழுவுக்குள் வரக்கூடாது. தெளிக்கும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

மாட்டின் மேல் இருக்கும் உண்ணிக்கு டாக்டர் சொல்லும் மருந்துதான். ஒரே மருந்தையே, அதுவும் பாதி அளவில், வருஷக்கணக்காக அடித்தால் உண்ணி அதற்குப் பழகிவிடும்; உங்கள் உண்ணியும் அப்படிப் பழகியிருக்கலாம். மருந்தை மாற்றித் தரச் சொல்லுங்கள், பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பசுவுக்குக் காய்ச்சல் வந்து மூத்திரம் கட்டன்காப்பி நிறத்தில் போனால் பூஞ்சாணம், பாட்டில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுங்கள். அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: மழைக்கு முன்பு ரப்பருக்குத் தாமிர மருந்து அடிப்போம். அதே தோட்டத்துப் புல்லில் உண்ணிக்கு இந்தப் பூஞ்சாணம் தெளிக்கலாமா?
- வாசகர், அருமனை

பதில்: தாமிரம் அடிப்பதே பூஞ்சாணத்தைக் கொல்லத்தான். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. அந்தத் தோட்டத்தை விட்டுவிடுங்கள், அங்கே புல்லறுத்து மாட்டுக்குப் போடவும் வேண்டாம். தாமிரம் அடித்த டிரம்மைக் கழுவிவிட்டு அதிலேயே இதைக் கரைப்பவர்களும் உண்டு. வேறு வாளி எடுங்கள்.

கேள்வி: தொழுவில் கோழி விட்டால் உண்ணியைத் தின்னுமா?
- வாசகர், கருங்கல்

பதில்: நன்றாகத் தின்னும். காலையில் பால் கறந்ததும் திறந்துவிடுங்கள், அப்போதுதான் உதிர்ந்தது கிடக்கும். ராத்திரி மட்டும் கூட்டில் அடையுங்கள், இல்லையென்றால் தீவனத் தொட்டியில் எச்சம் போட்டு வைக்கும்.