அப்பா ஏன் போனை வைக்கவில்லை?

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். போன வாரம் போலீஸ் சீருடையில் ஒருவன் வீடியோ காலில் வந்து, "உங்கள் ஆதாரை வைத்து அனுப்பிய பார்சலில் போதை மருந்து சிக்கியிருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்கிறோம்" என்றிருக்கிறான். அப்பா மூன்று மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு அவன் முன் உட்கார்ந்திருந்தார். அம்மா கதவைத் தட்டியதால் பணம் தப்பியது. இவ்வளவு விவரமானவர் எப்படி மாட்டினார்?

பதில்: காக்கியைக் கண்டதும் குரல் தாழ்வது, அதிகாரி கேட்டால் பதில் சொல்வது எல்லாம் பல வருஷப் பழக்கத்தில் தானாக நடப்பவை. படிப்பு அங்கே குறுக்கே வருவதில்லை. இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் அன்றாடப் பிழைப்பும் ஓடாது. டாக்டர் எழுதும் ஒவ்வொரு மாத்திரைக்கும் யார் விளக்கம் கேட்கிறோம்?

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லச் சொல்ல, கூடவே இருக்கும் ஆய்வாளர் உத்தரவிட, சோதனைக்கு வந்தவர் மின்சார ஷாக்கை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஷாக் பொய், கொடுத்தவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். உங்களுக்கு வேண்டியது இதன் இன்னொரு சுற்று. உத்தரவிடும் ஆய்வாளர் அறையை விட்டுப் போய் டெலிபோனில் சொன்னபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் கடைசிவரை கீழ்ப்படிந்தார். சிலர் குறைந்த ஷாக்கைக் கொடுத்துவிட்டு, ஏற்றியதாகப் போனில் பொய் சொன்னார்கள்.

பக்கத்தில் நின்றால்தான் அதிகாரத்துக்கு அவ்வளவு பலம். வீடியோ, சீருடை, "கேமராவை விட்டு நகராதே", "யாரிடமும் சொல்லாதே" எல்லாமே அவனை அப்பாவின் அறைக்குள் நிறுத்திவைக்கத்தான். அம்மா தட்டியதும் அந்தப் பிடி விட்டுப்போனது.

எனவே மோசடி அடையாளங்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள், பயத்தில் எதுவும் ஞாபகம் வராது. ஒரே பழக்கம் போதும்: போனை வை, எழுந்திரு, வீட்டில் ஒருவரிடம் போய்ச் சொல். நீங்களே வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டு மிரட்டுங்கள், அவர் போனை வைக்கட்டும். நாலைந்து முறை செய்தால் கை தானாகப் போகும். நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது, போனை வைப்பது குற்றமில்லை என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். "இதுகூடவா தெரியலை?" என்று மட்டும் வீட்டில் யாரும் கேட்க வேண்டாம், கூச்சப்பட்டு அடுத்த முறை மறைத்துவிடுவார்.

வந்த எண்ணை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் சக்ஷு பகுதியில் புகார் செய்யுங்கள். எப்போதாவது பணம் போய்விட்டால், அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.